பத்து நிமிடம் முன்னால் ஓடும் வீடு

1

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதினால் பனியைப் பற்றி எழுதுவார்கள். எனக்குப் பனியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விழுகிறது, வழித்துப் போடுகிறேன். நான் எழுத வந்தது கடிகாரத்தைப் பற்றி.

இந்த ஜெர்மன் ஊரில் வருடத்துக்கு இரண்டு தடவை நேரத்தையே மாற்றுகிறார்கள். கோடையில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவது, குளிர் வந்தால் பின்னால் இழுப்பது. போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மகன் கதிர் நாற்காலி மேல் ஏறி, சமையலறைக் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஜெர்மனில் ஏதோ கேட்டான்.

"தமிழ்ல கேளு" என்றேன்.

யோசித்தான். "சித்தி வீட்ல... கடிகாரம்... எப்பவும் முன்னாடிதானே?"

அவனுக்கு நினைவிருக்கிறது. தமிழில் பாதி வார்த்தைகள் போய்விட்டன, அந்தக் கடிகாரம் மட்டும் போகவில்லை. இட்லி வேகிறதா என்று பார்க்கப் போனேன். எங்கள் குடும்பத்தில் பதில் சொல்ல முடியாத இடத்தில் இதைத்தான் செய்வோம். இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

2

நான் ஆதம்பாக்கத்துக்காரி. அப்பாவுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத்துப் பட்டறை இருந்தது. அவர் யாரிடமும் "முடியாது" என்று சொன்னதே கிடையாது. பட்டறைக்கு வந்து ஒருவர் அவசர வேலை கேட்டால், "காபி சாப்பிடறீங்களா?" என்பார். கேட்டவருக்குப் புரிந்துவிடும், எழுந்து போய்விடுவார். நான் பத்தாவதுக்குப் பிறகு சைக்கிள் கேட்டேன். மாமரத்தில் பூச்சி விழுந்திருப்பதைப் பற்றிப் பேசினார். சைக்கிள் இல்லை என்று தெரிந்துகொண்டேன். நானும் தங்கை மலரும் இப்படித்தான் வளர்ந்தோம். ஒன்று கேட்டு, அதற்குப் பதிலாக வேறு பேச்சு வந்தால், இரண்டாம் தடவை கேட்பது எங்கள் வீட்டில் மானக்கேடு.

நான் கம்ப்யூட்டர் படித்து இங்கே வந்தேன். மலர் அடையாறில் ஒரு மருத்துவமனையில் இரத்தம் பரிசோதிக்கும் வேலையில் இருந்தாள். கல்யாணமாகித் தி. நகருக்குப் போனாள். மாமனார் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். குழந்தை பிறந்ததும், "வேலையெல்லாம் போதும்மா" என்று அவர் சொன்னார். அவள் கணவன், "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். அந்த வீட்டில் அவன் பேசிய பேச்சு மொத்தமுமே அந்த ஒரு வாக்கியம்தான்.

மலருக்கு அடி உதை ஒன்றும் கிடையாது. அதனால்தான் அவள் கஷ்டம் யாருக்கும் புரியவில்லை. மாமனார் நல்லவர்தான். ஆனால் வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் அவர்தான் பிரிப்பார். நான் மலருக்கு எழுதியதைப் பிரித்துப் படித்துவிட்டு, "உங்கக்கா நல்லா இருக்கா" என்று சுருக்கம் சொல்லி அவளிடம் கொடுப்பார். ஒரு தடவை தொலைபேசியில் கேட்டேவிட்டேன்.

"வீட்டுக்கு வர்ற கடுதாசி வீட்டுக்குப் பொதுதானேம்மா" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். தொலைபேசி கூடத்தில் அவர் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. மலர் பேசும்போதெல்லாம் அவருடைய செய்தித்தாள் திரும்பும் சத்தம் எனக்கு இங்கே கேட்கும்.

3

அந்தச் சமயத்தில் நானும் வேறு சிலரும் வேலை நேரம் போக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. யார் யாருக்கு எழுதினார்கள் என்று மூன்றாவது ஆளுக்குத் தெரியாமல் கடிதம் போக வேண்டும், அதுதான் நோக்கம். இதற்கு நடுவில் ஒரு தபால் நிலையம் இருந்தால் கெட்டது, ஏனென்றால் தபால்காரனை மிரட்டினால் சொல்லிவிடுவான். ஆகவே சேர்ந்தவர்கள் ஒவ்வொருவருடைய கம்ப்யூட்டரும் தபால் நிலையம். கடிதத்தை ஒரு உறைக்குள் போட்டு, அந்த உறையை இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்புவோம். வழியில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு உறையை மட்டும் பிரித்து, உள்ளே இருக்கும் முகவரிக்குத் தள்ளிவிடும். உண்மையான கடிதம் எது என்று தெரியாமல் இருக்க, நடுநடுவே வெற்று உறைகளும் போய்க்கொண்டே இருக்கும்.

மலர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். கணவனின் கணக்கு வேலைக்கு. வாங்கிக் கொடுத்தது மயிலாப்பூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த நசீர், என்னோடு பழைய ஆபீசில் வேலை பார்த்தவன். அவனிடம் எங்கள் புரோகிராமையும் போட்டுவிடச் சொன்னேன்.

"செல்விக்கா, பெருசு பக்கத்துலயே குந்திக்கினு கீது. இன்னா போடறேன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"வெளிநாட்டுத் தபால்னு சொல்லு."

மறுநாள் போன் செய்தான். "சொல்ட்டேன். 'டெலிபோன் செலவு மிச்சமா'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். காபி குடுத்தாரு."

இப்படி மலருக்கு ஒரு தனித் தபால் பெட்டி கிடைத்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாமனார் தூங்கும் நேரத்தில் அவள் எழுதுவாள். அனுப்பியதும் அங்கே அதன் பிரதி அழிந்துவிடும். அப்படித்தான் செய்திருந்தோம்.

முதலில் ஒன்றுமே வரவில்லை. காரணம் தேடினேன். ஒவ்வொரு உறையிலும் அது புறப்பட்ட நேரம் இருக்கும். பழைய உறையை யாராவது திருடித் திரும்ப அனுப்பி ஏமாற்றாமல் இருக்க அது தேவை. நாட்டுக்கு நாடு நேர வித்தியாசத்தைக் கணக்கிடும் இடத்தில், முழு மணிகளை மட்டும் எண்ணும்படி எழுதியிருந்தான் டீட்டர், எங்கள் கூட்டத்தில் இருந்த ஜெர்மன்காரன். நம் நாட்டுக்கு உலகப் பொது நேரத்திலிருந்து ஐந்தரை மணி.

"அரை மணி நேரமா? எந்த நாட்டில் அரை மணி நேரம் இருக்கிறது?" என்று கேட்டான்.

"நூறு கோடிப் பேர் இருக்கும் நாட்டில்" என்றேன்.

அதைத் திருத்தியதும் கடிதங்கள் வந்தன. நேரத்தில் இருந்த கோளாறு தீர்ந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நேரத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஒரு தடவை திருத்திய இடத்துக்குப் போய் யார் மறுபடி பார்க்கிறார்கள்?

4

மலரின் கடிதங்கள் சில மாதங்கள் ஒழுங்காக வந்தன. நீளமாக எழுதுவாள். திட்டுவாள், சிரிப்பாள். "மாமாவுக்கு இன்னிக்கு வெண்டைக்காய் பிடிக்கலையாம், அதனால் வீட்ல யாருக்கும் பிடிக்கல" என்பது போல. நான் அலுவலகத்தில் படித்துவிட்டுத் தனியாகச் சிரிப்பேன்.

ஒரு குறை மட்டும் விடாமல் சொன்னாள். போவதற்கு ரொம்ப நேரம் ஆகிறது.

"அக்கா, அனுப்புன்னு அமுக்கிட்டு, துணி மடிச்சு, பாப்பாவுக்குப் பால் ஆத்திட்டு வந்து பாக்கறேன், அப்பவும் உக்காந்திருக்கு. மாமா எழுந்துடறார். 'யாருக்கும்மா தந்தி அடிக்கிறே?'ங்கறார். எனக்குப் படபடன்னு வருது."

வெற்று உறைகள்தான் காரணம். இங்கே எங்களுக்கு அது ஒரு பாரமே இல்லை. தி. நகரின் டெலிபோன் கம்பியில், மோடம் வழியாக, மற்றவர்களின் உறைகளும் வெற்று உறைகளும் வரிசையில் முன்னால் நிற்க, மலரின் கடிதம் கடைசியில் நின்றது. நான் இரண்டு வாரக் கடைசிகளை இதிலேயே போட்டேன். மெதுவான இணைப்பு உள்ளவர்களுக்கு வெற்று உறைகளைக் குறைத்தேன். சொந்தக் கடிதத்தை வரிசையில் முன்னுக்குக் கொண்டுவந்தேன். புதிய புரோகிராமை நசீர் கொண்டுபோய்ப் போட்டான்.

"இப்ப ராக்கெட்டு மாதிரி போவுதுக்கா" என்றான்.

உண்மை. ஒரு நிமிடத்துக்குள் போனது. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அது ஆடி மாதம். அதற்குப் பிறகு மலரிடமிருந்து கடிதம் வரவில்லை.

சோதித்துப் பார்த்தேன். எங்கள் சோதனை உறைகள் அவள் கம்ப்யூட்டர் வழியாகப் போய் ஒழுங்காகத் திரும்பின. நான் எழுதியதும் அவளுக்குப் போயிருக்க வேண்டும். கோளாறு எதுவும் தெரியவில்லை. எங்கள் புரோகிராம் சந்தேகப்பட்டு ஒரு உறையை எறிந்தால் எறிந்தேன் என்று சொல்லாது. இதைப் பற்றி டீட்டரோடு நான் முன்பே சண்டை போட்டிருக்கிறேன்.

"எறிந்ததைக் குறித்து வைத்தால், யார் அனுப்பினார்கள் என்று ஒருநாள் யாராவது படித்துவிடுவார்கள்" என்றான்.

"குறிக்காவிட்டால் கோளாறை எப்படித் தேடுவது?"

"மெதுவாகத் தேடலாம்" என்றான்.

மற்றவர்களும் அவன் பக்கம். ரகசியம் காப்பதற்காகச் செய்த பொருளில் கோளாறு வந்தால், அது கோளாறையும் ரகசியமாக வைத்துக்கொள்ளும். இது எங்கள் தொழிலில் உள்ள சாபம்.

நடுவில் ஒரே ஒரு கடிதம் வந்தது. சென்னையில் நல்ல மழை, டெலிபோன் கம்பியில் ஒரே இரைச்சல் என்று நசீர் சொல்லியிருந்த நாள். சின்னக் கடிதம். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கொலு வைக்க மேல் படி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். சரி, புரோகிராம் வேலை செய்கிறது, இவளுக்குத்தான் எழுத நேரமில்லை என்று முடிவு கட்டினேன். கூடத்துத் தொலைபேசியில் இதையெல்லாம் கேட்க முடியாது, கடிதத்தில் கேட்க எங்கள் வீட்டு மானம் விடவில்லை. ஆடியிலிருந்தே நானும் ஊர் விஷயங்களையே எழுதிக்கொண்டிருந்தேன். கதிரின் பள்ளிச் சுற்றுலா, மேல்வீட்டுக் கிழவரின் நாய், இந்த ஊர் ரொட்டி.

5

டிசம்பரில் கதிரையும் அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். தி. நகர் வீட்டுக் கதவைத் திறந்த மலருக்கு வயிறு லேசாக மேடிட்டிருந்தது. எனக்குத் தெரியாது. "எழுதலையேடி" என்றேன். "வர்றியே, நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். சிரித்தாள், சாப்பாடு போட்டாள், கதிரைக் கொஞ்சினாள். ஆனால் என்னை ஒரு விருந்தாளியைப் போல உட்கார வைத்திருந்தாள். தட்டைக் கழுவ எழுந்தபோது, "நீ வைக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள். சொந்த அக்காவிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்? திரையின் மூலையில் நேரம் தெரிந்தது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் வித்தியாசம். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவும் கம்ப்யூட்டரும் ஒன்றாக ஓடின. விமானத்தில் நான்தான் தப்பாகத் திருப்பிவிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"மாமா, உங்க கடிகாரம் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்."

அவர் சாய்வு நாற்காலியிலிருந்து கண்ணைத் திறக்காமல் சொன்னார். "அது நம்ம வீட்டு டைம்மா. எப்பவும் பத்து நிமிஷம் முன்னாடி. சர்வீஸ்ல ஒரு நாள் நான் லேட்டா போனதில்ல."

"கம்ப்யூட்டரையும் மாத்தினீங்களா?"

"பின்ன? வீட்ல ஒரு டைம், மிஷின்ல ஒரு டைமா? அந்த நசீர் தப்பா வெச்சுட்டுப் போயிருந்தான். கொழந்த அப்பன்கிட்ட கேட்டு நான்தான் சரி பண்ணினேன்."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. படிக்கும் உங்களுக்கும் இப்போது புரிந்திருக்கும், புரியாவிட்டால் சொல்கிறேன். மலர் கடிதத்தை மூடும்போது அதில் பத்து நிமிடம் தள்ளிய நேரம் விழுந்தது. பழைய புரோகிராமில் அது வரிசையில் பத்து நிமிடத்துக்கு மேல் காத்துக் கிடந்ததால், அடுத்த கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும்போது உண்மையான நேரமும் அதைத் தாண்டியிருக்கும். உறை உள்ளே போனது. நான் வேகப்படுத்திய பிறகு, ஒரு நிமிடத்தில் போய் நின்றது. இன்னும் வராத நேரத்தைச் சுமந்துகொண்டு ஒரு கடிதம் வந்தால் அது மோசடி என்பது டீட்டரின் விதி. எறிந்துவிட்டது. சத்தமில்லாமல். மழை பெய்து கம்பி கெட்ட அன்று மட்டும் ஒன்று தப்பி வந்தது. மற்றவர்களின் உறைகளில் அவரவர் வீட்டு நேரம், அதனால் அவை அவள் வழியாகச் சுகமாகப் போயின. கொஞ்சம் தாமதமாக வருபவற்றை எங்கள் புரோகிராம் பொறுத்துக்கொள்ளும், ஆகவே என் கடிதங்களும் அவளுக்குச் சுகமாகப் போயின. அவளுடையவை மட்டும் செத்தன.

நசீருக்குப் போன் செய்து கத்தினேன்.

"நான் கரெக்டாத்தான் வெச்சேன்கா, அல்லா சத்தியமா. பெருசு கைய வெச்சா நான் இன்னா பண்றது?" என்றான். அவன் சொன்னதும் சரிதான்.

6

மறுநாள் மலரைப் பாண்டி பஜாருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் பேச முடியாது. நடைபாதையில் ஒரு சாக்கில் கிளிப்பும் ரிப்பனும் வளையலும் பரப்பிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மலர் பாப்பாவுக்கு வளையல் பார்த்தாள்.

"ஆடி மாசம் எனக்கு என்னடி எழுதினே?" என்றேன்.

"எப்பவோ எழுதினது. இப்ப எதுக்கு?"

"எனக்கு வரல."

வளையலைக் கீழே வைத்தாள். "வரலையா?"

"ஆடியில ஒண்ணுமே வரல. உங்க மாமா கடிகாரத்தைத் தள்ளி வெச்சதுல எல்லாம் போயிடுச்சு." நின்ற இடத்திலேயே முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். "படிக்காமலே கிழிச்சுட்டாரா? பலே மாமா" என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ பேச்ச மாத்திட்டேன்னு நெனச்சேன்கா" என்றாள்.

"என்ன?"

"நான் எழுதினேன். ரெண்டு வாரம் காத்துக்கிட்டு இருந்தேன். உன் லெட்டர் வந்துச்சு. கதிர் ஸ்கூல்ல டூர் போனானாம், எவனோ நாய் வளக்கிறானாம். சரி, அக்காவுக்கு அங்க என்ன கஷ்டமோ, நேரா சொல்ல முடியல, அப்பா மாதிரியே சொல்லிட்டான்னு..."

"நீ என்ன கேட்டே மலர்?"

அவள் கடைக்காரப் பெண்ணைப் பார்த்தபடியே சொன்னாள். "பாப்பாவ தூக்கிட்டு அங்க வந்துடட்டுமான்னு கேட்டேன். ஒரேயடியா. நீ வான்னு சொன்னா இங்க சொல்லிட்டுக் கெளம்பறேன்னு எழுதினேன். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோகூட எடுத்து வெச்சிருந்தேன்."

"வா" என்றேன். தெருவென்றும் பார்க்காமல் கத்தினேன். "இப்பவே வா. என்கூடவே வா. நான் பாத்துக்கறேன்."

வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எடுத்துக்கக்கா, கொயந்த கைக்கு வெச்சிப் பாரு, சூப்பரா இருக்கும்" என்றாள் கடைக்காரப் பெண்.

"இதுல நீலம் இருக்கா? ஒரு சைஸ் பெருசா?" என்று மலர் அவளிடம் கேட்டாள்.

7

இங்கே திரும்பியதும் முதலில் அந்த விதியை மாற்றினேன். வராத நேரத்தோடு ஒரு உறை வந்தால் எறியாதே, அந்த நேரம் வரும்வரை வைத்திரு. இரண்டே வரி. டீட்டர் எதிர்த்தான். இந்தத் தடவை நான் பேச்சை மாற்றவில்லை. மேசையைத் தட்டினேன். விட்டுக் கொடுத்தான்.

பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். தங்கையை அழைத்து வைத்துக்கொள்ளப் பத்திரம் வேண்டும் என்று கேட்டேன்.

"உங்கள் தங்கையா? குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே?" என்றார் அங்கிருந்தவர்.

என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், அவள் பெயருக்குப் பின்னால் அவள் கணவன் பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று விளக்கினேன். ஆத்திரத்தில் அவரை "நீ" என்று சொல்லிவிட்டேன். இந்த மொழியிலும் அது குற்றம். மறுபடி வரிசையில் நிற்க வைத்தார்கள். வருமானச் சான்று, வீட்டின் அளவு, எத்தனை கட்டில் இருக்கிறது என்பதுவரை கேட்டார்கள். கடைசியில் கொடுத்தார்கள். அது கொஞ்ச காலம்தான் செல்லும். செல்லாமல் போனதும் திரும்பப் போய் வாங்கி வருகிறேன். அங்கே இப்போது என்னைத் தெரியும். "தங்கை இன்னும் வரவில்லையா?" என்று கேட்கிறார்கள்.

ஊரில் இருப்பவர்கள் என்னிடம், அந்தரங்கம் என்றால் என்ன, ரகசியம் எதற்கு, நல்ல குடும்பத்தில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். கூடத்தில் ஒரே ஒரு தொலைபேசி இருக்கும் வீட்டில் போய் மருமகளாக இருந்து பார்க்கட்டும், பிறகு கேட்கட்டும். அவ்வளவுதான் என் பதில்.

மலருக்கு இரண்டாவதும் பெண். மாமனார் உடம்பு தளர்ந்துவிட்டார், கடிதங்களை இப்போது பிரிப்பதில்லை. கடிகாரத்தை மட்டும் யாரையும் தொடவிடுவதில்லையாம். மலரின் கடிதங்கள் ஒன்று விடாமல் வருகின்றன. பத்து நிமிடம் எங்கள் வாசலில் காத்திருந்து, நேரம் வந்ததும் உள்ளே வருகின்றன. ஒரு கோளாறும் இல்லை.

நான் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியாக, எப்போது வருகிறாய் என்று கேட்கிறேன். இரண்டாம் தடவை கேட்பது மானக்கேடு என்ற பாடத்தை நான் விட்டுவிட்டேன். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதும் இல்லை.

இன்று காலை பதில் வந்தது. தி. நகரில் நல்ல மழையாம். பனகல் பார்க் ஓரமெல்லாம் தண்ணீராம். சின்னவளுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறதாம். கதிர் தமிழ் படிக்கிறானா என்று கேட்டிருந்தாள்.